சாமி அம்மாவா, அப்பாவா?

கேள்வி:

எனக்கு 36 வயது. திருச்சியில் இருக்கிறேன். பிறந்த வீட்டில் எங்களுக்குச் சமயபுரத்தாள்தான் எல்லாம். காய்ச்சலோ கல்யாணமோ, முதலில் அவளுக்குத்தான் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்போம். புகுந்த வீடு தென்கலை வைணவக் குடும்பம். மாமியார் தங்கமானவர். ஆனால், "அம்மன்கிட்ட நோய்நொடிக்கு வேண்டிக்கோம்மா, தப்பில்ல. கதின்னு வந்தா பெருமாள்தான். தாயாரே அவர்கிட்ட நமக்காக எடுத்துச் சொல்றவதானே?" என்பார். கணவரோ, "கடவுளுக்கு ஆணேது, பெண்ணேது?" என்று பேச்சை முடித்துவிடுவார். போன மாதம், நாலாம் வகுப்புப் படிக்கும் மகள் "சாமி அம்மாவா, அப்பாவா?" என்று கேட்டாள். மூன்று பேரும் மூன்று பதில் சொன்னோம். அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. இப்போதெல்லாம் மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் சமயபுரம் போய்வருகிறேன். தோழி ஒருத்தி, 'உனக்குள் உறங்கும் தெய்வீகப் பெண்மையை எழுப்பு' என்று ஆன்லைனில் நடக்கும் பயிற்சிக்கு 6,000 ரூபாய் கட்டச் சொல்கிறாள். கடவுளை அம்மா என்று கும்பிடுவது கீழ்ப்படியா? இந்த வருடம் பச்சைப் பட்டினி விரதம் இருக்கவும் ஆசை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், இருக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

கீழ்ப்படி இல்லை. தத்துவமும் சமயமும் பாடம் சொல்லியே வயிறு வளர்த்தவள் என்ற முறையில் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருக்கும் திருச்சியைச் சுற்றிச் சில மைல் தூரத்துக்குள், கடவுளுக்கும் பெண்மைக்கும் என்ன உறவு என்ற கேள்விக்கு ஐந்தாறு விதமான பதில்கள் கோயில் கட்டி உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றோடொன்று முழுக்க ஒத்துப்போகாத பதில்கள். ஆனால் உங்கள் கும்பிடு வளராத பிள்ளையின் கும்பிடு என்று அவற்றில் எதுவும் சொல்லவில்லை.

கணவர் சொல்வதை எடுத்துக்கொள்வோம். அவர் சொல்வது தவறில்லை, அவருக்குப் பெரிய துணையே இருக்கிறது. "ஆணல்லன் பெண்ணல்லன் அல்லா அலியுமல்லன்" என்று நம்மாழ்வார் திருவாய்மொழியில் பாடியிருக்கிறார். ஆனால் அதே ஆழ்வார்தான் பராங்குச நாயகியாகத் தன்னைப் பெண்ணாக்கிக்கொண்டு உருகினார், "அகலகில்லேன் இறையும் என்று அலர்மேல் மங்கை உறை மார்பா" என்று தாயாரை, அதாவது பெருமாளின் தேவியான திருமகளை, முன்னிட்டுத்தான் திருவேங்கடத்தான் அடியில் புகுந்தார். பால் கடந்தவன் என்று தெரிந்தவருக்கும் கும்பிட ஓர் உருவமும் கூப்பிட ஓர் உறவும் தேவைப்பட்டிருக்கிறது. உங்கள் கணவரிடம் நான் ஒன்று கேட்பேன்: வீட்டில் எல்லோரும் பெருமாளை 'அவர்' என்றும் 'அப்பனே' என்றும் சொல்லும்போது, "கடவுளுக்கு ஆணேது?" என்று அவர் எப்போதாவது குறுக்கிட்டிருக்கிறாரா? நீங்கள் 'அம்மா' என்கிறபோது மட்டும் அந்தத் தத்துவம் நினைவுக்கு வருகிறதென்றால், அவரைத் தடுப்பது தத்துவம் இல்லை, பழக்கம்.

மாமியார் சொல்வது வேறு வகை. அதைத்தான் நீங்கள் சரியாகக் காதில் வாங்கவில்லை என்று நினைக்கிறேன். 'எடுத்துச் சொல்றவ' என்றதும், ஆபீசில் பெரிய அதிகாரியின் அறைக்கு வெளியே மனு வாங்கி வைக்கும் ஆள் என்று உங்களுக்குத் தோன்றிவிட்டது. அவர் சொன்னது தென்கலையார் நூற்றாண்டுகளாகப் பேணிவரும் கொள்கை. அவர்கள் மொழியில் அதற்குப் புருஷகாரம் என்று பெயர். தாயாரும் ஓர் ஆன்மாவே, ஆனால் மற்ற எல்லா ஆன்மாக்களுக்கும் மேலானவள். பெருமாளின் நீதியைக் கருணையாக மாற்றுகிறவள். மோட்சம் கொடுக்கும் கை பெருமாளுடையது. இதை வகுத்துச் சொன்ன பிள்ளை லோகாசாரியார் தாயாரைச் சின்னவளாக்கவில்லை. இராமாயணம் யாருடைய பெருமையைச் சொல்கிறது என்ற கேள்விக்கு, 'சிறையிருந்தவள் ஏற்றம்' சொல்கிறது என்று ஸ்ரீவசனபூஷணத்தில் எழுதியவர் அவர். வில்லெடுத்தவனை விட்டுவிட்டு, அசோகவனத்தில் அடைபட்டிருந்தவளை அந்தக் காவியத்தின் நாயகியாக்குகிறார்.

தன் இன்னொரு நூலான முமுக்ஷுப்படியில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். சீதையைக் கொத்திய காகம், இராமன் விட்ட அம்புக்குத் தப்ப உலகமெல்லாம் சுற்றிவிட்டுக் காலில் வந்து விழுந்தது, உயிர் பிழைத்தது. இராவணன் பிழைக்கவில்லை. என்ன வித்தியாசம்? காகம் வந்து விழுந்தபோது பக்கத்தில் சீதை இருந்தாள். இராவணன் போர்க்களத்தில் நின்றபோது அவள் பக்கத்தில் இல்லை. அவ்வளவுதான் என்கிறார். இன்னொரு வைணவ ஆசாரியரான பராசர பட்டர் போடும் கணக்கு இதைவிடக் கடுமை. இராமன் காகத்தையும் விபீஷணனையும் காத்தது அவர்கள் அடைக்கலம் என்று வந்த பிறகு. சீதையோ, தன்னை மாதக்கணக்கில் வதைத்த அரக்கியரை, அவர்கள் கேட்காமலேயே அனுமன் கையிலிருந்து காத்தாள், "தப்பு செய்யாதவர் யார்?" என்று சொல்லி. அதனால் இராமனுடைய கூட்டத்தின் பெருமையே உன்னால் சிறுத்துப்போயிற்று என்று தாயாரிடம் பாடுகிறார் பட்டர். அவர் திருவரங்கத்திலேயே வாழ்ந்தவர் என்பதையும் மாமியாருக்கு நினைவூட்டலாம்.

வைணவத்தின் இன்னொரு பிரிவான வடகலையார் இதே தாயாரைப் பற்றி வேறு மாதிரி சொல்வார்கள். அவள் பெருமாளுக்குச் சமமானவள், வழியும் அவளே, வழி போய்ச் சேரும் இடமும் அவளே, இருவரும் சேர்ந்துதான் கதி என்பது வேதாந்த தேசிகர் (1268–1369) வழி வந்த கொள்கை. அதாவது 'தாயார் கடவுளா?' என்பது வைணவத்துக்குள்ளேயே இன்றும் முடியாத வழக்கு. உங்கள் மாமியார் அதில் ஒரு கட்சி. மறு கட்சியும் நெற்றியில் திருமண் இட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

புத்தகத்தை விட்டுவிட்டு, பங்குனியில் ஒருநாள் மாமியாரோடு ஸ்ரீரங்கம் போய்வாருங்கள். ரங்கநாயகித் தாயார் தன் சன்னதியின் படி தாண்டாதவள். (இந்தப் 'படிதாண்டாப் பத்தினி' பட்டத்தை வைத்து எத்தனை பெண்களை வீட்டுக்குள் உட்காரவைத்தார்கள் என்பது தனிக் கதை.) பங்குனி உற்சவத்தில் ரங்கநாதரின் உற்சவரான நம்பெருமாள் உறையூருக்குப் போய் அங்கே கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தியில் இருந்துவிட்டு வருகிறார். உத்திரத்தன்று தாயார் சன்னதிக்கு வந்தால் கதவைச் சாத்திவிடுகிறார்கள். பல்லக்கு முன்னுக்கு வரும், பின்னுக்குப் போகும். உள்ளேயிருந்து பூவை வீசுவார்கள், வாழைமட்டையால் அடிப்பார்கள். அதனால்தான் அதற்கு மட்டையடி என்றே பெயர். இரண்டு பக்கத்துக்கும் ஆள் இருந்து வாதாடுவார்கள். 'எங்கே போயிருந்தீர், இதென்ன கோலம்?' என்று தாயார் தரப்பு கேட்க, பெருமாள் தரப்பு சாக்குச் சொல்லும். கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்துவைத்த பிறகுதான் கதவு திறக்கும். சுற்றி நிற்கும் கூட்டத்தில் பெண்கள் முகத்தைப் பாருங்கள். அண்ட சராசரத்தின் தலைவனை வாசலில் நிறுத்தி வைத்ததில் அவர்களுக்கு அப்படி ஒரு திருப்தி.

ஆனால் அன்றைய நாளின் கனம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. தாயாரும் பெருமாளும் ஒன்றாக எழுந்தருளும் அந்தச் சேர்த்தியின் முன்னால்தான் இராமானுஜர் கத்யத்ரயம் என்ற மூன்று உரைநடைத் துதிகளை விண்ணப்பித்தார் என்பது மரபு. அதில் சரணாகதி கத்யம் பெருமாளிடம் தொடங்கவில்லை. முதலில் தாயாரிடம் சரணம்; அவள் 'அப்படியே ஆகட்டும்' என்ற பிறகே பெருமாளிடம். தென்கலை வடகலை இரண்டுக்கும் ஆசாரியரான அவரே அந்த வரிசையில்தான் போனார்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், அதே தீவில், திருவானைக்காவல். அங்கே உச்சிக்காலப் பூசைக்கு அகிலாண்டேஸ்வரி சன்னதி அர்ச்சகர் அம்மனின் புடவையைக் கட்டிக்கொண்டு, கிரீடம் வைத்துக்கொண்டு, மேளதாளத்தோடு சுவாமி சன்னதிக்கு நடந்துபோய்ச் சம்புகேஸ்வரருக்குப் பூசை செய்வார். அந்த நேரத்துக்கு அவர் அர்ச்சகர் இல்லை, அம்பாள். மகளைக் கட்டாயம் கூட்டிப்போய்க் காட்டுங்கள்; பள்ளிக்கூடம் லீவு நாளில் போனால் சரியாக இருக்கும். இன்னொரு விஷயம், இந்தத் தலத்தில் அவள் மாணவி, அவர் குரு என்பதால் இங்கே திருக்கல்யாணமே கிடையாது. பெண் தெய்வம் என்றாலே யாருக்காவது மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு இந்தக் கோயில் இடம் கொடுப்பதில்லை.

மலைக்கோட்டையில் கதை நேர்மாறு. பிரசவ வலியில் தனியாகத் துடித்த இரத்தினாவதிக்குத் துணையாக வரவேண்டிய அம்மா, காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். சிவனே அந்த அம்மாவின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தான். வெள்ளம் வடிந்து நிஜ அம்மா வந்து நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. தாயுமானவர் என்ற பெயர் அப்படி வந்தது. சுகப்பிரசவம் வேண்டிக்கொண்டு இன்றும் வாழைத்தார் கொண்டுவந்து கட்டுகிறார்கள். தாய்மைக்கென்று ஒரு பெண் தெய்வத்தை அனுப்பியிருக்கலாம். சிவன் தானே போனான். சைவ சித்தாந்தத்தில் இதற்கு நேரடியான அடிப்படை இருக்கிறது. "அருளது சத்தி ஆகும் அரன்தனக்கு, அருளை இன்றித் தெருள்சிவம் இல்லை, அந்தச் சிவம் இன்றிச் சத்தி இல்லை" என்கிறது சிவஞான சித்தியார். அவனுடைய அருள்தான் அவள். ஆகவே அருளை வேண்டி நிற்கும் யாரும், தெரிந்தோ தெரியாமலோ, அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். மாணிக்கவாசகருக்கு இதில் குழப்பமே இல்லை. ஒரே மூச்சில் "அம்மையே அப்பா" என்று கூப்பிட்டுவிட்டார், அம்மையை முன்னால் வைத்து.

இனி உங்கள் சமயபுரத்தாள். அவளுக்கு இந்தத் தத்துவம் எதுவும் துணைக்கு வேண்டாம். அவள் யாருக்கும் பாதி இல்லை, யாருக்கும் சிபாரிசும் இல்லை. பெண்மை கடவுளின் ஒரு பக்கமா என்று அவள் வாசலில் கேட்டால், 'எந்தப் பக்கம்? அவளேதான் சாமி' என்பார்கள். மாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதல் தொடங்கியதும் 28 நாள் அவளே பட்டினி கிடக்கிறாள், அதுதான் பச்சைப் பட்டினி. சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், பழம், அவ்வளவுதான். பக்தர்கள் சாமிக்காக விரதம் இருப்பது எங்கும் உண்டு. சாமி பக்தர்களுக்காக விரதம் இருப்பது அபூர்வம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தானும் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மாமியாரின் தயக்கத்துக்கு அதுதான் வேர் என்று படுகிறது. தாயார், தண்டிப்பது என்றால் என்னவென்றே அறியாதவள் என்று தேசிகர் யதிராஜ சப்ததியில் பாடுகிறார். மாரியம்மன் அப்படியில்லை. முத்து போடுகிறவளும் அவள்தான், இறக்குகிறவளும் அவள்தான். வீட்டில் ஒரு பிள்ளைக்கு அம்மை வார்த்தால் 'அம்மா வந்திருக்கா' என்று வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பு நிறுத்தி, மூன்றாம் தண்ணி ஊற்றும்வரை நோயாளியையே அவளாக நினைத்து மரியாதையாகப் பேசிய தலைமுறை நம்முடையது. கோபத்தோடு சேர்த்துத்தான் அவளை அம்மா என்றோம். பெரியம்மை 1975-இல் இந்தியாவை விட்டுப் போனது. 1980-இல் உலகத்திலேயே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அவள் கோயிலில் கூட்டம் குறையவில்லை, நோய்க்காக மட்டுமே கும்பிட்டிருந்தால் குறைந்திருக்கும். (மகளுக்குத் தடுப்பூசிகள் பாக்கி இருந்தால் போட்டுவிடுங்கள். வேப்பிலையும் ஊசியும் ஒரே வீட்டில் இருக்கலாம்.) தண்டிக்கவே தெரியாத தாய், கோபமும் கொள்ளும் தாய் – இந்த இரண்டில் எது கடவுளுக்குப் பொருத்தம் என்று கேட்டால் என் மனசு இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. அம்மை கண்ட வீட்டில், துன்பம் யாரோ வேறொருவர் வேலை என்று அவள் தள்ளி நிற்பதில்லை. மாமியாருக்கு முதலாமவள் நெருக்கம். அது அவர் வளர்ந்த விதம்.

அந்த 6,000 ரூபாய்ப் பயிற்சி வேண்டாம் என்பேன். உள்ளே உறங்குகிற பெண்மை என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் மென்மை, பொறுமை, ஏற்றுக்கொள்ளுதல், உள்ளுணர்வு. இதெல்லாம் பெண்ணின் குணம், திட்டம் போடுவதும் முடிவெடுப்பதும் ஆணின் குணம் என்று பாட்டி காலத்துப் பிரிவினையையே புதுத் தாளில் சுற்றித் தருகிறார்கள். அரக்கனைக் கொன்ற காளியையும் வாழைமட்டையோடு கதவடைத்த தாயாரையும் அந்தப் பட்டியலில் எங்கே வைப்பது? தோழிக்கு அதில் நிம்மதி கிடைக்கிறதென்றால் கிடைக்கட்டும். உங்களிடம் இல்லாத எதையும் அவர்கள் விற்கவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன். கடவுளை அம்மா என்று கும்பிடும் ஊரில் பெண்ணுக்கு மரியாதை தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாம் பேசிய பெரிய கோயில்களில், கருவறைக்குள் அவளுக்குப் புடவை கட்டிவிடுவது ஆண்கள்தான். பெண் தெய்வம் இருப்பதால் வீட்டில் பெண்ணின் பேச்சு எடுபடும் என்பதில்லை. அதற்கு வீட்டில் பேசத்தான் வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியதும் இறையியல் இல்லை. கும்பிடப் போவதற்கு நீங்கள் மார்க்கெட் என்று பொய் சொல்லவேண்டி இருப்பதுதான்.

அதை இந்த வாரமே நிறுத்துங்கள். மாமியாரிடம் வாதம் வேண்டாம், ஒரு தகவல் போதும்: தைப்பூசத்தன்று சமயபுரத்தாள் கொள்ளிடக் கரைக்கு வர, அண்ணன் முறையில் ஸ்ரீரங்கம் ரங்கநாதர் கோயிலிலிருந்து அவளுக்குப் பட்டும் மாலையுமாகச் சீர் போகிறது. திருச்சிக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது, நினைவுபடுத்தினால் போதும். "உங்க பெருமாள் வருஷா வருஷம் தங்கச்சிக்குச் சீர் அனுப்புறார். நான் ஒரு முழம் பூ கொண்டு போறேன், அவ்வளவுதானே?" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். தங்கமானவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அடுத்த தைப்பூசத்துக்கு அவரையே கூட்டிப்போனால் இன்னும் நல்லது.

மகளிடம் 'ரெண்டும்தான்' என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு அது பதில் சொல்லாமல் நழுவுவதாகப்படும். "பாட்டிக்குச் சாமி பெருமாள், தாயார் மூலமா அவர்கிட்ட போறாங்க. எனக்குச் சாமி அம்மா. அப்பாவுக்குச் சாமி ரெண்டுக்கும் அப்பாற்பட்டது" என்று மூன்றையும் பெயர் சொல்லி, யாரையும் கேலி செய்யாமல் சொல்லுங்கள். அதன் பிறகு திருவானைக்காவலும் மலைக்கோட்டையும் கூட்டிப்போங்கள். புடவை கட்டிய அர்ச்சகரைப் பார்த்ததும் அவள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு இப்போதே தயாராகிக்கொள்ளுங்கள், அவை இதைவிடக் கஷ்டமாக இருக்கும்.

கடைசியாக விரதம். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர் உங்கள் டாக்டரைக் கேட்காமல் 28 நாள் இருக்கக் கூடாது. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பானகமும் துள்ளுமாவும் சாப்பிட்டால், இரண்டிலும் வெல்லம், ஏறிப்போகும். மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொடுக்க முடியுமா, ஒருநாள் இரண்டு நாள் இருந்தால் போதுமா என்று அவரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அந்தப் பட்டினியை அவளே நமக்காக இருக்கிறாள்; பூச்சொரிதலுக்குப் பூக்கூடை தூக்கிப் போவதற்கு வயிறு காலியாக இருக்கவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.